அதான் ரெக்கார்டு ஆகுதே!

போன வாரம் மூலனூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். பந்திச் சாப்பாடு முடிந்து, வெற்றிலையை மென்றுகொண்டே வரப்போரம் ஒதுங்கி நின்றபோது, சோளக்காட்டுக்கு நடுவே என்னவோ பளிச் பளிச்சென்று கண்ணைக் குத்தியது. கிட்டப் போய்ப் பார்த்தால், குச்சி நட்டு, கயிறு கட்டி, வரிசையாக டிவிடி தட்டுகளைத் தொங்க விட்டிருக்கிறார்கள். கிளி விரட்டவாம். "முன்னெல்லாம் தகர டப்பாவத் தட்டிக்கிட்டு நின்னோமுங்க. இது தன்னால ஆடுது, தன்னால மின்னுது. சோறு தண்ணி கேக்கறதில்லீங்க" என்றார் காட்டுக்காரர். ஒரு தட்டின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் 'வளைகாப்பு, பகுதி இரண்டு' என்று எழுதியிருந்தது. வளைகாப்பு வீடியோ என்றால் சொந்தக்கார ஒறம்பரைகளே ஓடிவிடுவார்கள், கிளி எம்மாத்திரம்?

எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தத் தட்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் நகப்பூச்சு நெடி மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறிவிட்டது. வெட்டவெளியில் காற்று வேறு வீசிக்கொண்டிருந்தது, நெடி எங்கிருந்து வரும்? அது பதினெட்டு வருடம் பழைய நெடி. உங்களிடம் சொல்வதற்கென்ன, என் கையால் நான் கிளப்பிய நெடிதான்.

அப்போது நான் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாளன். தைத்து வரும் பீஸ்களில் ஓட்டை, கறை, தையல் விட்டது என்று எது இருந்தாலும் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் பத்து வருடம் அடுத்தவர் தப்பின் மேல் அம்பு ஒட்டிக்கொண்டே இருந்தால் ஒரு மனிதன் என்ன ஆவான் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் தோசை கொஞ்சம் கருகியிருந்தால் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். என் மனைவி பூங்கொடி ஒருநாள், "ஒட்டுங்க, ஒட்டிப்போட்டுத் தின்னுங்க" என்றாள்.

முதலாளியோடு ஹாங்காங் போனேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பட்டன் பார்க்கப் போனார், நான் அவர் பையைத் தூக்கப் போனேன் என்பதுதான் சரி. திரும்பும்போது அங்கிருந்து ஒரு டிவிடி ரெக்கார்டரை வாங்கி, சாம்பிள் பனியன்களுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்து சேர்த்தேன். டிவியில் வருவதை வீட்டிலேயே தட்டில் பதிந்து வைத்துக்கொள்ளும் பெட்டி. திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீதிக்கு அதுதான் முதல். அதைப் பார்க்க வந்த கூட்டம் எனக்குப் பெண் பார்க்க வந்த கூட்டத்தைவிட அதிகம். மாமனார் ஊட்டில் என் மதிப்பு ஒரே வாரத்தில் ஏறிவிட்டது. அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பெட்டியின் மேல் திருநீறு பூசிவிட்டே போனார்.

பெட்டியோடு ஒரு புத்தகம் வந்தது. கடைசி நான்கு பக்கமும் 'கோளாறும் தீர்வும்'. 'படம் வரவில்லையா? பிளக் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.' 'ஒலி வரவில்லையா? ஒலியைக் கூட்டுங்கள்.' இப்படியே நான்கு பக்கம். இதை எழுதினவருக்கும் ஒரு சம்பளம் இருந்திருக்கும் அல்லவா? நம் ஊர்க் கோளாறு ஒன்றுகூட அதில் கிடையாது. கரண்ட் ஒரு தடவை போய் வந்தால் பெட்டியின் கடிகாரம் பன்னிரண்டு மணி என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். நாம் குறித்து வைத்த நேரமெல்லாம் அதற்கு மறந்து போயிருக்கும். திருப்பூரில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பன்னிரண்டு மணி அடித்தது என்று கேட்டால் என் பெட்டி சொல்லும்.

கேபிள்காரர் இன்னொரு கோளாறு. அவர் நினைத்தால் நினைத்த நேரம் சேனல்களை இடம் மாற்றுவார். கிரிக்கெட் பைனலுக்கு என்று நான் குறித்து வைத்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரமும், அதைத் தொடர்ந்து மூலிகை வைத்தியர் ஒருவரும் மூன்றரை மணி நேரம் பதிவாகியிருந்தார்கள். மூட்டுவலிக்கு அவர் சொன்ன பத்தியம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். கேபிள்காரரிடம் சண்டைக்குப் போனேன். "ஏனுங்க சார், மேட்ச்சு தோத்துப் போச்சுங்க. நல்லதுதான் பண்ணியிருக்கறன்" என்றார். அவரோடு வாதாடி ஜெயித்தவன் அந்த வீதியில் கிடையாது.

இதுபோக, தட்டைச் சிக்கனம் பிடிக்கப் போய் ஒரு தொல்லை. ஒரே தட்டில் ஆறு மணி நேரம் திணிக்கலாம் என்று பெட்டி சொன்னது. திணித்தேன். துணிக்கு எடை குறைந்தால் கண்கண்ணாகத் தெரியுமே, அந்த மாதிரி மனித முகமெல்லாம் இழை விட்டுப் போய்விட்டது. கீழ்வீட்டு நிட்டிங் மெஷினிலிருந்து பறந்து வரும் பஞ்சு பெட்டிக்குள் புகுந்து லென்ஸ் கண்ணாடியில் அடைகாத்தது. இன்ன தேதியில் இன்ன கோளாறு என்று கம்பெனி வழக்கப்படி ஒரு ரிப்போர்ட் நோட்டும் போட்டேன். கெட்டுப்போன தட்டுகளின் மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கி வைத்தேன். ஸ்டிக்கர் ஒன்று உள்ளே சுற்றும்போது பிய்ந்து, பெட்டியின் தொண்டையில் போய் மாட்டிக்கொண்டது அடுத்த கோளாறு. அதை ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு, பதிந்த எதையும் நான் பார்த்ததே இல்லை. ரெக்கார்டர் வருவதற்கு முன்னால் பிடித்த நிகழ்ச்சி என்றால் வேலையைப் போட்டுவிட்டு உட்காருவேன். வந்த பிறகு, "அதான் ரெக்கார்டு ஆகுதே, சாவகாசமாப் பாத்துக்கலாம்" என்று கம்பெனிக்குக் கிளம்பிவிடுவேன். அந்தச் சாவகாசம் வரவே இல்லை. நான்கு பக்கத் தீர்வுகளில் இதற்கு ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொலைக்காட்சியிலிருந்து பெண்கள் பேசும் நிகழ்ச்சி ஒன்றை எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் வந்து எடுத்தார்கள். பக்கத்து வீட்டு சரஸ்வதியக்கா வீதிப் பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு போனார். பூங்கொடியும் போனாள். பட்டுச் சேலையா சாதாச் சேலையா என்று இரண்டு நாள் ஆலோசனை நடந்தது. அன்றைய தலைப்பு, 'வீட்டுக்காரரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமலே விட்டது'. போய்வந்தவளைக் கேட்டேன்.

"நீ பேசுனியா?"

"ரெண்டு நிமிசம் பேசுனனுங்க."

"என்ன பேசுன?"

"டிவில வருமுங்க. பாத்துக்கோங்க."

எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திக்கென்றது, மறைப்பானேன். ஆனால் வெளியே, "தோசையில அம்பு ஒட்டுனதையா சொன்னே?" என்று கிண்டலடித்தேன். அவள் சிரிக்கவில்லை. பூங்கொடி சிரிக்காத சமயங்கள் மிகக் குறைவு. அதையும் நான் கவனித்தேன். கவனிப்பதுதானே என் பிழைப்பு? கவனித்து என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

ஒளிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அன்றைக்கென்று கம்பெனியில் ஷிப்மெண்ட். நீங்கள் திருப்பூர்க்காரராக இருந்தால் ஷிப்மெண்ட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர் என்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் செத்துப்போனவர்கூடக் கப்பல் கிளம்பும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். காலையில் செருப்பை மாட்டும்போது பூங்கொடி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்க, ஒரு மணி நேரந்தானுங்க. எங்கூட உக்காந்து பாத்துப்போட்டுப் போங்களே."

"அதான் ரெக்கார்டு ஆகுதே புள்ள. சாயங்காலம் வந்து சாவகாசமாப் பாக்கறேன்."

"நீங்க பாக்கற போது நானும் இருக்கோணுமுங்க. அதுக்காகத்தான் சொல்றன்."

"சாயங்காலமும் நீ இருப்பீல்ல?" என்றேன். பெரிய சாமர்த்தியமான பதில் சொன்ன நினைப்பில் வண்டியை உதைத்துக் கிளம்பினேன். ரெக்கார்டரை எப்படி இயக்குவது என்று பதினான்கு படிகள் எழுதி டிவி ஓரத்தில் ஒட்டிவிட்டிருந்தேன். சேனலைச் சரிபார், தட்டைப் போடு, நேரத்தைச் சரிபார், கடைசியில் மறக்காமல் தட்டை முடித்து வை. முடித்து வைக்காவிட்டால் அந்தத் தட்டு எங்கள் பெட்டியைத் தவிர வேறெதிலும் ஓடாது.

ஆச்சரியம் பாருங்கள், அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. கேபிள்காரர் எந்தச் சேனலையும் நகர்த்தவில்லை. பூங்கொடி பதினான்கு படியையும் ஒன்று விடாமல் செய்து, பிசிறில்லாமல் பதிந்து முடித்து வைத்துவிட்டாள். அத்தனை நாள் கோளாறு பெட்டியிலா, பெட்டிக்காரனான என்னிடமா என்ற சந்தேகம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. ஆனால் சரியாக முடித்து வைத்ததால் வினையும் வந்தது. தட்டு எல்லா வீட்டிலும் ஓடும் அல்லவா? சரஸ்வதியக்கா வாங்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் இரண்டு தடவை போட்டிருக்கிறார். எதிர்வீட்டில் ஒரு தடவை. அன்றைக்கு அக்கா வீட்டில் ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டிருந்தார்கள். வீதியே நெய்க் கையோடு என் மனைவி பேசியதைக் கேட்டு, தட்டைக் கைமாற்றிக் கைமாற்றித் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

சாயங்காலம் வந்தேன். முகம் கழுவினேன். பூங்கொடி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டு ஓடியது. நிகழ்ச்சி நடத்தும் அம்மாள் பேசினார். யார் யாரோ பேசினார்கள். அப்புறம் நீலப் பட்டில் என் மனைவி எழுந்து மைக்கை வாங்கினாள். அந்தக் கூட்டத்தில் அவள் அவ்வளவு அழகாக இருந்ததை நான் சொல்லியே ஆகவேண்டும். "எங்க ஊட்டுக்காரருகிட்ட நான் ஒண்ணு கேக்கோணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருக்கறனுங்க. அது என்னன்னா..." என்றாள். அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது.

திரும்பப் போட்டேன். "அது என்னன்னா..." கட்டம். முன்னால் தள்ளினேன். அடுத்தவர் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் இழுத்தேன். கட்டம். தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் நெய்ப் பெருவிரல் ஒன்று நடுவில் பதிந்திருக்கிறது. பூங்கொடி, "ஒரு பனியன் துணிய நனச்சு மெதுவாத் தொடச்சுப் பாருங்க" என்றாள். ஏற்றுமதித் தரத்தில் கறை எடுக்கும் ஆளிடம் ஈரத்துணி வைத்தியமா?

"கறையப் பத்தி எனக்கே சொல்றியா?" என்றேன். "நாளைக்குக் கம்பெனிக்குக் கொண்டு போறேன். புதுசாட்டம் வரும் பாரு."

"அப்ப இப்பவே வாயால சொல்லட்டுங்களா?" என்றாள்.

இந்த இடத்தில் என்னை நீங்கள் நாலு வார்த்தை திட்டிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் சொன்னேன்: "வேண்டாம், வேண்டாம். டிவில நீ பேசுனாப்லயே பாக்கோணும்."

எங்கள் செக்கிங் பிரிவில் கறை எடுப்பவர் செல்லத்துரை. நெல்லைப் பக்கத்து ஆள். கையில் ஒரு ஸ்ப்ரே கன் வைத்திருப்பார். அதற்குள் கறை எடுக்கிற மருந்து. மெஷின் எண்ணெய் பட்ட வெள்ளை பனியனை நீட்டினால், புஸ் புஸ்ஸென்று நாலு தடவை அடிப்பார், கறை இருந்த இடம் தெரியாது. நகப்பூச்சு நெடி என்று சொன்னேனே, அது அந்த மருந்தின் நெடிதான். மறுநாள் அவரிடம் தட்டை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"ஸார், இது துணி இல்லல்லா? பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. வேண்டாம் ஸார்."

"எண்ணெய்க் கறைதானே செல்லத்துரை? துணில இருந்தா என்ன, தட்டுல இருந்தா என்ன?"

"எனக்குப் பயமா இருக்கு ஸார். நீங்களே அடிங்க."

நானே அடித்தேன். ஊருக்கெல்லாம் அம்பு ஒட்டுகிறவன், ஒரு தடவை அடித்து நிறுத்தாமல் நாலு தடவை அடித்தேன். நெய் உடனே போய்விட்டது. ஒரு நொடி தட்டு கண்ணாடி மாதிரி மின்னியது. அப்புறம் ஓரத்திலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டே வந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுத்தட்டும் மோர் மாதிரி ஆகிவிட்டது. நான் பதறிப்போய்ப் பனியன் துணியால் தேய்த்தேன். மேல்தோல் துணியோடு வழுவழுவென்று வந்தது.

"கறை போயிட்டு ஸார்" என்றார் செல்லத்துரை. அப்புறம் அவருக்கே மனசு கேட்காமல், "உள்ள முக்கியமா எதும் இருந்துச்சா ஸார்?" என்று கேட்டார்.

என்ன இருந்தது என்று எனக்கே தெரியாதே! அன்றைக்கு மத்தியானம் அந்தத் தொலைக்காட்சிக்குப் போன் போட்டேன். எந்த வாரம், எந்த ஊர் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, மறு ஒளிபரப்பு கிடையாது என்றார்கள். அதற்கப்புறம் வெட்கத்தைவிட்டு வீதியைக் கேட்டேன். என் மனைவி என்னிடம் கேட்க நினைத்ததை வீதி முழுக்கக் கேட்டிருக்கிறது, நான் ஒருவன்தான் பாக்கி. சரஸ்வதியக்கா முறத்தை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அதெப்படீங்க நாங்க சொல்றது? அந்தப் புள்ளகிட்டயே கேளுங்க. இல்லாததையா கேட்டுப்போட்டா?" என்றார். மறுபடி முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்துவிட்டார்.

பூங்கொடியிடம் வெளுத்த தட்டைக் காட்டினேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் அதில் பாதி விஷயம் வெளியே வந்திருக்கும். அவள் தட்டை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, குப்பையில் போடாமல் அலமாரியில் வைத்தாள். என்ன கேட்டாய், இப்போதாவது சொல் என்று கெஞ்சினேன்.

"ஒறம்பரை முன்னாடி, தெரிஞ்சவிய முன்னாடி, தெரியாதவிய முன்னாடியெல்லாம் சொல்லிப்போட்டனுங்க. திருப்பியும் சொல்றதுக்குக் கூச்சமா இருக்குது. ஒருநாளைக்குச் சொல்றன், உடுங்க" என்றாள்.

விட்டேன். அதுதான் உடுங்க என்றாளே! அடுத்த ஷிப்மெண்ட் வந்தது. அதற்கடுத்தது வந்தது. இரண்டு வருடத்தில் ரெக்கார்டர் படுத்துக்கொண்டது. நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். கேபிள்காரர் நூல் ஏஜென்சி வைத்துவிட்டார். சரஸ்வதியக்கா மகளோடு ஓசூருக்குக் குடிபோனார். செல்லத்துரை ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. நான் வேலை பார்த்த கம்பெனியின் இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ஒருநாளைக்கு என்று அவள் சொன்ன அந்த நாளை மட்டும் நான் எந்த நோட்டிலும் குறித்து வைக்கவில்லை. குழந்தைகள் வளர்ந்தார்கள், படித்தார்கள், வீட்டைவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான் வீட்டில்தான் இருக்கிறேன். சொல்லப்போனால் எல்லாக் கிழமைகளிலும்.

காதுகுத்துக்குப் போய்வந்த மறுநாள் காலை டிவியை அணைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். பூங்கொடி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த நிகழ்ச்சில எங்கிட்ட என்னமோ கேக்கோணும்னு சொன்னியே. அது என்ன?"

அவள் கை நின்றது. நிஜமாகவே யோசித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் அந்த முகத்தை நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

"நெசமா மறந்து போச்சுங்க" என்றாள். "என்னமோ ஒண்ணு உங்ககிட்ட வேணுமின்னு இருந்துச்சு. நெம்ப நாளு இருந்துச்சு. அப்பறம் அது இல்லாமயே பழகிருச்சுங்க."

குறையாகச் சொல்லவில்லை. மழை நின்றுவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். கீரையை வழித்துப் போசியில் போட்டுக்கொண்டு, "காப்பி வெக்கட்டுங்களா?" என்று எழுந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லி, சித்தே உட்காரச் சொன்னேன். அடுப்பில் பருப்பு இருக்கிறதென்று உள்ளே போய்விட்டாள்.